மூட்டைக்குப் பக்கத்து நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடைவீதிக்குப் பின்னால் உள்ள ஏலக்காய்க் குடோனில் ஆப்பிரிக்க மேளம் சொல்லித் தருகிறார்கள், காசு வாங்குவதில்லை, இடையில் டீயும் கொடுக்கிறார்கள் என்பது போடியில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காசு வாங்கவில்லை என்பதுதான் என்னை அங்கே போகவைத்தது. என்ன நோக்கம் என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

எனக்கு மலைமேல் ஓர் ஏலத் தோட்டத்தில் ரைட்டர் வேலை. வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போட்டு ஆள்கணக்கு எழுத வேண்டும், பறித்து வரும் பச்சைக் காயை எடை போட வேண்டும், உலர்ந்த காயை மூட்டை கட்டும்போது அருகில் நிற்க வேண்டும். தராசு ஓர் எண்ணைக் காட்டினால் மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றிப் பார்ப்பேன். வீட்டிலும் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டேன். இதெல்லாம் ஒரு வியாதி என்பது என் மனைவியின் கட்சி.

குடோன், எங்கள் தோட்டத்துக் காயை வாங்கும் வியாபாரக் குடும்பத்துக்குச் சொந்தமானது. வாரநாட்களில் அங்கே பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு, மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். சொல்லித் தருவது அந்த வீட்டுப் பெண். பெங்களூரில் வேலை பார்த்தபோது கினியா நாட்டுக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டாளாம். வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது மேளங்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தனியாக அடிக்க முடியாது, இதற்கு ஒரு வட்டம் வேண்டும் என்பது அவள் சொன்ன காரணம். எனக்கு அது போதவில்லை. மதம் மாற்றத்தான் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். பழக்கிவிட்டுப் பிறகு மேளத்தைத் தலையில் கட்டுவாள் என்றார் இன்னொருவர். என் மச்சான் மட்டும் வேறு விதமாகக் கேட்டான்.

"தோல் மேளமா மாப்ளே? எழவு வீட்டுக்கு ஆள் பத்தலைன்னா சொல்லி விடுறோம்."

மேளத்தின் பெயர் ஜெம்பே. ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. மேலே அகன்று, இடையில் ஒடுங்கி, அடியில் மறுபடி விரியும். ஆட்டுத்தோலை இரும்பு வளையத்தில் மாட்டிச் சுற்றிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மேளத்தை முழங்கால்களுக்கு நடுவே சற்றுச் சாய்த்துப் பிடித்து, வெறுங்கையால் அடிக்க வேண்டும். தோலின் நடுவில் உள்ளங்கையோடு அடித்தால் கனத்த சத்தம். விளிம்பில் விரல்களைச் சேர்த்து அடித்தால் நடுத்தரமான சத்தம். அதே விளிம்பில் விரல்களைத் தளரவிட்டு, பட்ட உடனே தெறிக்கும்படி அடித்தால் சாட்டை வீசியது போலச் சுளீரென்று வரும். ஒவ்வொன்றுக்கும் வலது கைக்கு ஒரு சொல், இடது கைக்கு ஒரு சொல். கூன், டூன். கோ, டோ. பா, டா. முதலில் வாயால் சொல்லி, பிறகு கையால் அடிக்க வேண்டும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்துவிட்டது. எந்தக் கை எப்போது விழ வேண்டும் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. நோக்கத்தைக் கண்டுபிடிக்கப் போனவன் அடுத்த வாரமும் போனேன்.

வட்டத்தில் எங்கள் ஜீப் டிரைவரும் இருந்தார். எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் பெண்களையும் என்னையும் தினமும் போடிமெட்டு வழியாக ஏற்றிப் போவது அவர்தான். ஜீப்பும் அவருடையது. என்னைவிடச் சில வயது சின்னவர். வாரம் முழுவதும் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை மேளம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். எல்லோரும் கிடைத்த நாற்காலியில் உட்கார, அவர் மட்டும் எப்போதும் ஒரே நாற்காலியைப் பிடித்தார். மூட்டை அடுக்கை ஒட்டிய நாற்காலி. மூட்டைகள் அவருடைய இடது பக்கம் இருக்கும். சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஏலக்காய் ஊரில் ஒருவர் தேடிப்போய் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான். சாக்குத் தையலில் விரல் நுழைந்தால் போதும், ஒரு பிடி காய் சட்டைப்பைக்குப் போய்விடும். வாசனை காட்டிக் கொடுக்காது. குடோன் முழுக்கவே அந்த வாசனைதான். நான் என் நாற்காலியை அவருக்கு நேர் எதிரே மாற்றிக்கொண்டேன். களவு நடந்தால் இடது கையில்தான் நடக்க வேண்டும். அதனால் அந்த இடது கையையே பார்த்தேன்.

கை மூட்டைப் பக்கம் போகவேயில்லை. மேளத்தின் மேலேயே இருந்தது. ஆனால் அது அடிக்கவில்லை. ஏறியது, இறங்கியது, தோலின் மேல் ஈரத்துணி விழுவதுபோல விழுந்தது. கனத்த சத்தம் வரவேண்டிய இடத்தில் முழங்கையின் பாரத்தால் ஏதோ ஒரு சத்தம் வந்தது. டா வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. சில சமயம் வலது கையையே வேகமாக இரண்டு தடவை அடித்து அந்த இடத்தை நிரப்பினார். வட்டமாகப் பலர் சேர்ந்து அடிக்கும்போது இது யார் காதிலும் விழாது. தாளம் தவறாதவர் என்று அந்தப் பெண் அவரைப் பாராட்டக்கூடச் செய்தாள்.

ஒவ்வொருவராகத் தனியே அடிக்கும் சுற்று ஒன்று உண்டு. அவருடைய முறை நெருங்கும்போது போன் வந்துவிடும். "ஹலோ" என்றபடி வெளியே போவார். அடுத்த வாரமும் அதே இடத்தில் போன் வந்தது. மணி அடித்ததை நான் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். வாய் அசையவில்லை.

திங்கள்கிழமை காலை ஜீப்பில் வழக்கம்போல முன்சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் வலது பக்கம், நான் இடது பக்கம், நடுவில் கியர். இத்தனை காலம் நான் அந்த இடத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறேன். அன்று கியரைப் பார்த்தேன். அடிவாரம்வரை அவர் இடது கையை அதன்மேல் வைத்தே இருந்தார். நேர் ரோட்டில் உள்ளங்கையால் தள்ளிச் சமாளித்தார். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் அது நடக்கவில்லை. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க வேண்டும், அதற்குக் குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். அவருடைய வலது கை ஸ்டியரிங்கை விட்டுக் குறுக்கே வந்து கியரை இழுத்தது. அந்த நேரம் ஸ்டியரிங் அவருடைய இடது முழங்கையில் சாய்ந்து நின்றது. மேலிருந்து ஒரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. ஹாரன் அடிக்க அவரிடம் கை இல்லை.

பின்னால் பெண்கள் யாரோ வீட்டுக் காதுகுத்து விருந்தில் உப்பு கூடிப்போனதைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பார்த்தார்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பில்லை. தோட்ட மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாளே வேறு ஜீப் வரும். இந்த ஜீப்புக்கு அப்புறம் மலையில் யாரும் லோடு தர மாட்டார்கள். அந்தச் செய்தி ஜீப்பைவிட வெரசாக மலை ஏறிவிடும். சொல்லாமல் இருந்தால், பின்னால் சிரித்துக்கொண்டு வருகிற அத்தனை பேரும் ஒரு முழங்கையை நம்பித் தினமும் மேலே போவார்கள். நான் பார்த்தது சரிதானா என்று எனக்கே ஐயமாக இருந்தது. செவ்வாயும் பார்த்தேன், புதனும் பார்த்தேன். சரிதான்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு நான் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. சொல்லித் தருகிற பெண் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். முதலில் பேசியது அவர்தான்.

"எஸ்டேட்ல பாத்துக்கிட்டு வரச் சொன்னாகளாண்ணே?"

யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

"வட்டத்துல வந்து எனக்கு நேரா நாற்காலியப் போடுறீக. ஜீப்புல என் கையவே பாக்குறீக. சும்மாவா?"

"எடது கையில டா அடிச்சுக் காட்டுப்பா."

"எதுக்கு இப்ப?"

"ஒரு தடவ."

அடித்தார். தோலில் விரல் பட்டது, அவ்வளவுதான். இன்னொரு தடவை, தோளையே தூக்கி அடித்தார். மணிக்கட்டு மேளத்தின் இரும்பு வளையத்தில் மோதியது. வலித்திருக்க வேண்டும், வலித்ததாக அவர் முகம் காட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு தானாகவே சொன்னார். கழுத்தில் நரம்பு அமுங்கியிருப்பதாகத் தேனியில் ஒரு டாக்டர் சொன்னாராம். ஆபரேஷன் பற்றியும் பேசினாராம். இவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். இடது பக்கம் ஆள் இல்லாத நாற்காலி அது ஒன்றுதான்.

"ஏலக்காய் எடுக்க வர்றேன்னு நெனச்சீகளோ?"

"நெனச்சேன்."

அவர் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு குரல் மாறியது. தான் மெதுவாகத்தான் ஓட்டுவதாகவும், வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை என்றும், கை தேறி வருவதாகவும் சொன்னார். வளைவில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கியர் போடுவதைப் பார்த்தேன் என்றேன். ஆள் போட்டு ஓட்டச் சொன்னேன். கை சரியாகும்வரை மட்டும்.

"இன்னொருத்தன் கையில குடுத்துட்டா அப்புறம் அது என் வண்டியாண்ணே?"

மேனேஜரிடம் சொல்ல மாட்டேன், ஆனால் நாளைக்கு நீ ஓட்டினால் நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏறாட்டி போங்க."

மறுநாள் ஸ்டாண்டில் ஜீப் நின்றது. ஸ்டியரிங்கில் அவரே இருந்தார். பக்கத்துச் சிலமலைக் கிராமத்திலிருந்து வரும் பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முன்சீட்டு எனக்காகக் காலியாக இருந்தது. நான் கதவருகே நின்றேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களில் மூத்தவர் ஒருவர் உண்டு, மற்றவர்களுக்குக் கங்காணி மாதிரி. அவர் எட்டிப் பார்த்து என்ன சங்கதி என்று கேட்டார். பஸ்சில் வருகிறேன் என்றேன்.

"பஸ்சுல வந்து நீங்க என்னைக்கு எங்களுக்குப் பேரு போட? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஏறாமல் நின்றால் தப்பிப்பது நான் மட்டும்தான். மேனேஜரிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன், இவர்களிடம் சொல்ல மாட்டேன் என்று அல்ல.

"ஆத்தா, எல்லாரும் எறங்குங்க."

யாரும் அசையவில்லை. இன்றைய சோலி போய்விடும் என்று பின்னாலிருந்து ஒருத்தி முனகினாள். மூத்தவர் என்னைப் பார்த்தார், பிறகு டிரைவரைப் பார்த்தார்.

"கையா அப்பு?"

டிரைவர் இடது கையை மடிக்கு இறக்கினார்.

"தண்ணி பாட்டில் மூடியத் திருகச் சொல்லி எங்கிட்டக் குடுத்தப்பவே கேட்டேன். குளிருக்கு மரத்துருச்சுன்ன."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் அதை அணைத்தார். இறங்கி, எதிரே டீக்கடையில் நின்ற, ஜீப் ஓட்டத் தெரிந்த ஓர் ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். சாவியைக் கொடுக்கும்போது அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, என்னைத் தாண்டி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் பின்னால் போய் ஏறினேன். பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

அன்றிலிருந்து அதுதான் என் இடம். முழங்கால்கள் இடிக்க, பக்கவாட்டில் உட்கார்ந்து போகிறேன். ரோடு தெரியாது. நான் ஏறியதும் பேச்சு நின்றுவிடுகிறது. தோட்டத்தில் யார் யார் என்ன பேசுகிறார்கள் என்று மேனேஜருக்குச் சொல்லத்தான் ரைட்டர் பின்னால் உட்கார்ந்து வருகிறார் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருப்பதாக என் காதுக்கே வந்தது. முந்தி அந்த டிரைவர் சாயங்காலம் கடைசி ஆள் வரும்வரை காத்திருப்பார். புது ஆள் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். போன வாரம் இரண்டு பேர் போடிமெட்டுவரை நடந்தார்கள்.

பழைய டிரைவர் தினமும் முன்சீட்டில் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் வருகிறார். அங்கேயும் எனக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை. தேனி டாக்டரிடம் மறுபடி போய்வந்ததாகச் சொல்லித் தருகிற பெண்ணிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை.

நேற்று மழைக்குப் பின் நல்ல மஞ்சு, வளைவெல்லாம் மூடுபனி. மூத்தவர் சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி என்னைக் கேட்டார்.

"இப்பப் பயமில்லையே சார்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். புது ஆள் அடுத்த கொண்டை ஊசி வளைவைக் கியரைக் குறைக்காமல் எடுத்தான். எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்து நிமிர்ந்தோம். இருக்கிறது என்றுதான் வாயில் வந்தது. முன்சீட்டில் இருப்பவர் காதில் விழுந்துவிடும் என்பதால் சொல்லவில்லை.