மூன்று லைட்ஹவுஸ் நின்ற படம்

என் வீட்டுக்காரர் சௌகத் அலிக்குச் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. படத்தில் கடல் இம்மி சாய்ந்திருந்தால் போதும், அதன் பின்னால் கடை ஸ்டாம்ப் குத்த மாட்டார். "பரவாயில்ல பாய்" என்று வாங்க வந்தவரே சொன்னாலும் சும்மா கொடுத்து அனுப்புவாரே தவிர, கடைப் பெயரைப் போட மாட்டார். இந்த வீம்போடுதான் நானும் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன்.

அகலப் படம் என்றால் அவருக்கு உயிர். தொண்ணூறுகளில் பிரிண்டுகளை பிளேடால் நறுக்கி ஓரத்தோடு ஓரம் ஒட்டுவார். கம்ப்யூட்டர் வாங்கியதும் அதில் ஒட்ட ஆரம்பித்தார். "நின்ன எடத்துலயே நின்னு கேமராவத் திருப்பணும். காலு நகந்தா படம் ஒட்டாது" என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

2006இல் எங்கள் மகள் ருக்ஸாருக்கு நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, வெள்ளிக்கிழமை இருவருக்கும் விமானம். அதற்குள் இரண்டு குடும்பத்தையும் மாமல்லபுரம் கடற்கரையில், பின்னால் லைட்ஹவுஸ் தெரிய, வரிசையாக நிறுத்தினார். சம்பந்தி வீட்டாரைத் தூரத்தில் நின்று "தலையத் தூக்குங்க" என்று அதட்ட முடியுமா? நாலைந்து பேராக எதிரில் போய் நின்று பணிவாகச் சொல்லி, அங்கிருந்தே எடுத்தார். வரிசையோடு நடந்துகொண்டே மூன்று படம்; மூன்றிலும் பின்னால் லைட்ஹவுஸ். மரியாதையில் தன் பாடத்தையே மறந்துவிட்டார்.

கடைக்கு வந்து ஆட்களைச் சரியாகச் சேர்த்தால் லைட்ஹவுஸ் மூன்று நிற்கிறது. லைட்ஹவுஸை ஒன்றாக்கினால் ஆள்மேல் ஆள் ஏறுகிறது. மூன்றில் ஒன்றை எப்படியோ அழித்துவிட்டார். இன்னொன்று என் தலைக்குப் பின்னால் நின்றது. அதை அழித்தால் காற்றில் பறந்த என் முக்காடும் பாதி முகமும் சேர்ந்து போயின. மறுபடி எடுக்கலாம் என்றால் சம்பந்தி வீட்டார் ஊருக்குப் போய்விட்டார்கள். மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

வியாழக்கிழமை ஒரு பிரிண்ட் போட்டுக் காட்டினார். ஒரே லைட்ஹவுஸ், கச்சிதமான படம். நான் மட்டும் அதில் இல்லை.

"நான் எங்கங்க?"

"நீ நின்ன எடத்துலதான் அது மாட்டிகினு கீது, சுராயா. உன்ன எடுத்தாதான் அதுவும் போவுது," என்றார், என்னைப் பார்க்காமல்.

"பெத்தவள அழிச்சிட்டு லைட்ஹவுஸக் காப்பாத்தினீங்களாக்கும்."

அதற்குள் ருக்ஸார் வந்தாள். முதலில் ஒட்டி ஒதுக்கிப் போட்டிருந்த, மூன்று லைட்ஹவுஸும் நிற்கும் பிரிண்டைக் கையில் எடுத்தாள். அதில் நான் அழுது மூக்கு வீங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"அத்தா, எனக்கு இதான் வோணும்."

"மூணு கீதேம்மா. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அங்க போயி நான் லைட்ஹவுஸையா தேடப் போறேன்?"

 அவர் படத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார். டிராயரைத் திறந்து ஸ்டாம்பை எடுத்து, மையில் ஒற்றி, பின்பக்கத்தில் அழுத்திக் குத்தினார்.