வேறொரு நாளின் சிரிப்பு

சங்கரன்கோவிலில் பத்து வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான் ஆவணப்படம் எடுக்கக் கிளம்பியதற்கு, திருநெல்வேலியில் நடந்த ஐந்து நாள் பட்டறைதான் காரணம். அங்கே பாடம் எடுத்தவர், ஆவணப்படத்துக்குப் பல வழிகள் உண்டு என்றார். பின்னணிக் குரலே எல்லாவற்றையும் விளக்கிவிடும் படங்கள் உண்டு. எடுப்பவரே கேள்வி கேட்டு, வாதாடி, படத்துக்குள் ஓர் ஆளாக நிற்பதும் உண்டு. எனக்குப் பிடித்தது இன்னொன்று. எதையும் கேட்காமல், எதிலும் தலையிடாமல், கேமராவோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பது. "கொஞ்சம் சிரிங்க", "மாலைய இன்னொரு தடவ போடுங்க" என்று கல்யாண மண்டபங்களில் கத்தி அலுத்துப்போனவளுக்கு அது பெரிய விடுதலையாகத் தெரிந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் எட்டு விசைத்தறிகள் ஓடும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த ஓர் அக்காவைத்தான் எடுக்க நினைத்தேன். ஐம்பதை நெருங்கும் வயது. வலது சுட்டுவிரலின் நுனி கிடையாது. முந்தின வருஷம் தறியின் பெல்ட்டில் சிக்கிப் போய்விட்டது. மிச்சமிருந்த விரலை வைத்துக்கொண்டே அறுந்த இழையை அவர் முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் படம் எடுக்கவே தோன்றியது.

முதலாளி சுலபமாகச் சம்மதித்தார். "எடு தாயி, நல்லா எடு. வேலைக்கு மட்டும் இடைஞ்சல் பண்ணிராத."

மூன்று வாரம் போய் நின்றேன். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. கேமராவில் பதிந்ததெல்லாம் அந்த இரைச்சல்தான். வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போய், சேலைத் தலைப்பில் மைக்கைக் குத்தி, அவரைப் பேசவைத்தேன்.

"பெல்ட்டுக்கு மேல கம்பிவலை மூடி போடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன் தெரியுமா? யாரு காதுல விழுந்திச்சு? வெரலு போன பெறவும் போடல" என்றார்.

படத்தைத் தொகுக்கும்போது, அந்த வாக்கியம் முடிந்ததும் ஏதாவது ஒரு காட்சி தேவைப்பட்டது. தேடினேன். முதலாளி கூடத்து வாசலில் சாய்ந்துகொண்டு, தலையைப் பின்னால் தள்ளி வாய்விட்டுச் சிரிக்கும் காட்சி கிடைத்தது. மூன்றே விநாடி. அக்காவின் பேச்சுக்கு அடுத்து அதை வைத்ததும் படத்துக்கு உயிர் வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. கல்யாணப் பெண்ணின் அப்பா பந்தியில் சிரித்ததைக் கொண்டுபோய்த் தாலி கட்டும் காட்சிக்கு அடுத்து ஒட்டுவது என் பிழைப்பு. அதை இதுவரை யாரும் ஏனென்று கேட்டதில்லை.

மாதாந்திர மின்தடைக்கு முந்தின நாள் அக்கா போன் செய்தார். "நாளைக்குக் கரண்ட் கெடையாது, தறி ஓடாது. எங்களுக்குப் போட்டுக் காட்டு, மக்கா."

மறுநாள் தறிக்கூடத்தில் ஒரு ஸ்டூலில் மடிக்கணினியை வைத்தேன். அக்காவும் இன்னும் ஐந்து பெண்களும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் நின்றது. முதலாளி உள்ளே வந்தார். "நம்ம தறியா? நானும் பாக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மொத்தப் படம் இருபத்திரண்டு நிமிஷம். அந்த இடம் பதினான்காவது நிமிஷத்தில் வரும். அவர் வந்தபோது ஆறு நிமிஷம் ஓடியிருந்தது. நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? பேட்டரி தீர்ந்து தொலைந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் சார்ஜ் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. தறிகளைக் காட்டியபோது முதலாளி "நல்லா வந்திருக்கே" என்றார். நான் தலையாட்டினேன்.

பதினான்கு வந்தது. "வெரலு போன பெறவும் போடல." அடுத்த நொடி திரையில் முதலாளி சிரித்தார்.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. முதலாளி எழுந்து என்னைப் பார்த்தார்.

"இவ வெரலு போனதுக்கா நான் சிரிச்சேன்?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப இது என்னது?"

அக்கா எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பி என்னிடம்தான் கேட்டார்.

"எம்மவளுக்கு நர்சிங்ல சீட்டு கெடச்சிட்டுன்னு நான் ஓடியாந்து சொன்னேன்லா, அதுக்குச் சிரிச்சாவ. நீயும் இங்கனதானே நின்ன?"

அங்கேதான் நின்றேன். இரைச்சலில் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. பிறகாவது கேட்டுத் தெரிந்துகொண்டேனா என்றால், இல்லை. கேள்வி கேட்காததையே என் பெருமையாக நினைத்திருந்தேன்.

அக்கா முதலாளியிடம் திரும்பினார். "ஆனா மூடி போடலன்னு நான் சொன்னது பொய்யில்ல அண்ணாச்சி. அத எடுக்கச் சொல்லாதிய."

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்த பெண்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "ஏட்டி, நீ பொட்டியத் தூக்கிட்டுப் போயிருவ. நாளைக்கு அவிய மொகத்துல நாங்கதானே முழிக்கணும்?"

மறுநாள் காலையில் கூடத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். அக்கா உள்ளே போனார். தறிகள் ஓடத் தொடங்கின. அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வாசலையே பார்த்தபடி இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். "வேலைக்கு ஒண்ணும் சொல்லல. பேச்சுதான் இல்ல" என்றார். பிறகு, "அந்தச் சிரிப்ப எடுத்துரு. எனக்கு அசிங்கமா இருக்கு" என்றார்.

அன்றே எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அந்த இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. முதலாளியைப் போய்ப் பார்த்து, அவரும் கேமரா முன்னால் பேச வேண்டும் என்று கேட்டேன். நான்கு நாள் முகம்கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் "வா, கேளு. கேக்காம எதையும் ஒட்டாத" என்றார்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். என் குரலும் பதியட்டும் என்று விட்டுவிட்டேன். "ஏன் மூடி போடல அண்ணாச்சி?"

வெகுநேரம் தரையைப் பார்த்தார். நான் அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

"பெல்ட்ட மாத்தும்போதெல்லாம் மூடியக் கழத்தணும். அடிக்கடி கழத்த வேண்டியிருக்கேன்னு ஒருநாள் அப்படியே விட்டுட்டோம்." மறுபடி நிறுத்தினார். "போட்டிருக்கணும்."

அந்த மௌனத்தை நான் வெட்டவில்லை. படம் எங்கள் ஊர் நூலகத்து மாடியில் திரையிடப்பட்டபோது, அந்த இடத்தில் சிலர் இருமினார்கள், ஒருவர் போனைப் பார்த்தார். அக்கா மகளோடு வந்திருந்தார். முதலாளி வரவில்லை.

அக்காவின் தறிக்கு அடுத்த வாரமே மூடி வந்தது. மற்ற ஏழுக்கும் வர நான்கு மாதம் ஆனது. படத்தால்தான் வந்தது என்று வெளியூர் நண்பர்கள் சொல்வார்கள். அந்த நான்கு மாதமும் வேலைக்குள் நுழையும்போதெல்லாம் "மூடி என்னாச்சு அண்ணாச்சி?" என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் அந்தப் பெண்கள். அதை நான் படமாக எடுக்கவில்லை.