ரிமோட் என் கையில் இருந்தது

சென்ற வருடம், கண்டியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. அம்பிட்டியவில், ரோட்டிலிருந்து முப்பது படி ஏறிப்போகும் ஒரு வீட்டில் நான் வாடகைக்கு இருக்கிறேன். பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும், கணித ஆசிரியையாக இங்கே வந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் படிகளில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். ஆறு வாரத்துக்குக் காலை நிலத்தில் ஊன்றவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பகலில் எனக்குத் துணையாக, ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். காலையில் பஸ்ஸில் வந்து, மாலை ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார். அதிகம் பேசமாட்டார். என்னை ‘டீச்சர்’ என்பார். அவரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், ‘இஞ்ச பாருங்கோ’ என்றே நான் முதல் வாரத்தை ஓட்டினேன்.

எங்களைப் பேச வைத்தது ஒரு தொலைக்காட்சித் தொடர்தான். மூன்றரை மணிக்குத் தமிழில் மொழிமாற்றிய துப்பறியும் கதை போகும். நாளுக்கு ஒரு கொலை, அதைக் கண்டுபிடிக்க நிதானமான ஒரு பொலிஸ் அதிகாரி. தொடங்குமுன் ‘மனதைப் பாதிக்கக்கூடிய காட்சிகள் உண்டு’ என்று எழுத்து விழும். அதை நான் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. நான் கட்டிலில், அவர் கதிரையில். கொலையாளி யாரென்று ஆளுக்கொரு பெயர் சொல்லுவோம். பெரும்பாலும் அவர் சொன்ன ஆள்தான் அகப்படுவான். எப்படி என்று கேட்டேன்.

“வேல செய்றவங்ககிட்ட யார் எப்படிப் பேசுறாங்கன்னு பாப்பேங்க டீச்சர். அதுல தெரிஞ்சிரும்” என்றார்.

அவருக்கு ஒரு தங்கை இருந்ததும், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றபோது பத்தொன்பது வயதில் இறந்துபோனதும் இரண்டாவது வாரம் பேச்சோடு பேச்சாகத் தெரியவந்தது. பன்னிரண்டு வருடமாகிறது என்றார். எப்படி இறந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது அழகில்லை என்று நினைத்தேன்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, ஒரு பணக்கார வீட்டில் கதை தொடங்கியது. குளத்தில் ஒரு பெண் மிதக்கிறாள். அந்த வீட்டு வேலைக்காரப் பெண். அவளை வெளியே தூக்குகிறார்கள். அடுத்த காட்சியில் பொலிஸ் அதிகாரி அவளுடைய தாயின் சின்ன வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ‘உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்கிறார். சட்டென்று ரிமோட்டை எடுத்துச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டேன். அவரைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் எழுந்து குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். நல்லவேளை மாற்றினேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

மறுநாள் தேநீரைக் கையில் தந்துவிட்டு அவரே கேட்டார்.

“நேத்து அந்தப் பிள்ளைக்கு என்னாங்க ஆச்சு டீச்சர்?”

“அது உங்களுக்குப் பாக்கக் கஷ்டமா இருக்குமெண்டு தான் மாத்தினனான்.”

“கஷ்டந்தான். ஆனா பாக்க ஏலுமா ஏலாதான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாங்க.”

குரல் உயரவில்லை. இத்தனை வருடம் பிள்ளைகளின் பிழையைத் திருத்தியவள் நான். இந்த முறை பிழை என்னுடையது.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். “எல்லாருந்தான் இப்படிப் பண்றாங்க. எங்கப்பா இருந்த வரைக்கும் அவ பேர எடுத்தாலே எந்திரிச்சிப் போயிருவாரு. எங்க வீட்டுக்காரரு ‘அத விடு’ம்பாரு. அந்தப் போலீஸ்காரருதான் உக்காந்து, உங்க மகளப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டாரு. அந்தம்மா என்னா சொன்னாங்கன்னு எனக்குக் கேக்கணும் போல இருந்திச்சி.”

அந்தக் கதை சனிக்கிழமை காலையில் மறுபடி போகும் என்று தேடிப் பார்த்துச் சொன்னேன். சனிக்கிழமை அவருக்கு லீவு. ஆனாலும் வந்தார். இருவரும் முழுதாகப் பார்த்தோம். கண்ணைத் திருப்பிக்கொண்டது நான்தான், அவரில்லை. கதை முடிந்ததும் தங்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவள் சரியான வாயாடி, தலைக்கு எண்ணெய் வைக்க விடமாட்டாள், கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் இனிப்பு வாங்கி வருவாள்... ஒரு மணி நேரம் பேசியிருப்பார். பிறகு சொன்னார்:

“அவ பூச்சி மருந்து குடிச்சிச் செத்துட்டான்னு லயத்து வீடுகள்ல பேசிக்கிட்டாங்க. யாரோ பையனோட பழக்கமாம். கொழும்புல இருந்து குடுத்தனுப்புன கடுதாசி இருக்குங்க. சிங்களமும் இங்கிலீசும். அப்பா யாருகிட்டயும் காட்ட விடல. அப்படித்தான் எழுதியிருக்கும்னு அவருக்குப் பயம். போன வருசம் அவரும் போயிட்டாரு. நீங்க படிச்சுச் சொல்லுவீங்களா?”

திங்கட்கிழமை கொண்டுவந்தார். மரணச் சான்றிதழும் ஆஸ்பத்திரிப் பத்திரம் ஒன்றும். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தன. வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். பிழையாகச் சொல்லிவிடக் கூடாதே என்று, தெரிந்த டொக்டர் ஒருவருக்கு போன் எடுத்து வரிவரியாக வாசித்துக் காட்டினேன். அவரும் அதையே சொன்னார்.

“மூளைக் காய்ச்சல். மருந்து குடிச்சதெண்டு ஒரு சொல்லும் இதில இல்லை” என்றேன்.

“நல்லாப் பாத்தீங்களா?”

“ஓம். டொக்டரும் அதைத்தான் சொல்லுறார்.”

சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். பத்திரத்தில் இன்னொரு வரி இருந்தது. அதைச் சொல்வதா விடுவதா என்று என் மனம் அடித்துக்கொண்டது. இப்போதுதான் இவருக்கு ஒரு நிம்மதி வந்திருக்கிறது, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று தோன்றியது. ‘எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாங்க’ என்று அவர் அன்று சொன்னது நினைவுக்கு வந்தது.

“இன்னும் ஒரு வரி இருக்கு. அது கஷ்டமான விசயம். வாசிக்கட்டோ?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாசிங்க டீச்சர்” என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே அவளுக்கு நான்கு நாள் காய்ச்சல் என்று அதில் எழுதியிருந்தது.

“நாலு நாளா?” என்றார். கொஞ்சம் கழித்து, “அந்த வீட்டுல நாலு நாளும் எங்களுக்கு ஒரு போன் கோல் எடுக்கலையே” என்றார். அன்று முழுவதும் அந்த ஒரு வசனத்தை இடைக்கிடை சொல்லிக்கொண்டே வேலை செய்தார். அந்தக் கோபத்துக்கு என்னிடம் ஆறுதல் இருக்கவில்லை. நானும் தேடவில்லை.

பத்திரத்தில் இருந்த எல்லாவற்றையும் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் வரியையும் சேர்த்துத்தான். அதைத் தன் தாய்க்கு வாசித்துக் காட்டினாராம். லயத்தில் பக்கத்துக் காம்பராக்களில் குடியிருப்பவர்களையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை சத்தமாக வாசித்தாராம். பெட்டிக்கு அடியில் பன்னிரண்டு வருடம் கிடந்த தங்கையின் படத்துக்கு இப்போது கண்ணாடி போட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

என் கால் குணமாகி நான் பாடசாலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். இப்போதும் யாராவது தங்கள் துக்கத்தைச் சொல்ல வாயெடுத்தால், ‘அதை விடுங்கோ’ என்ற சொல்தான் எனக்கு முதலில் வருகிறது. அது அவர்களைக் காப்பாற்றுவதற்காக வருகிறதா, என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவா என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்துவிட்டு, ‘சொல்லுங்கோ’ என்கிறேன்.