மதினிக்குச் சொல்லாத ஆறு வாரம்

பிற்பகல் மூன்று நாற்பது. எறணாகுளத்தில் பிராட்வேக்குப் பின்னால் இருந்த ஸ்கேன் சென்டரில், டாக்டர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்துப் பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டிய நேரம் அது. அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் மட்டும் பிசகாமல் நினைவிருக்கிறது. வயிற்றில் தொடங்கிய புற்று ஈரலுக்கும் போய்விட்டது, மூன்று மாதம், கூடினால் நான்கு என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில், குடையை மடியில் வைத்துக்கொண்டு என் கணவரின் அக்கா உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் வாசிப்பேன் என்பதால் துணைக்கு என்னை அழைத்து வந்திருந்தார். நான் வெளியே வந்ததும் எழுந்து நின்று, "என்னவாம்?" என்றார். "குடல்ல புண்ணாம் மதினி. மூணு மாசம் மருந்து சாப்பிடணுமாம்" என்றேன். மூன்று மாதம் என்பதை மட்டும் டாக்டரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன். மற்றது என் கைவேலை.

மதினிக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. "பின்னே! நான் அப்பவே பறஞ்சேன்ல? வெறும் வயித்துல கட்டன் சாயா குடிச்சிட்டு நாள் முழுக்க ஐஸ்ல கை வச்சிருந்தா புண்ணாகாம பூவா பூக்கும்?" என்று சத்தமாகச் சிரித்தார். படகுத் துறைக்கு நடக்கும் வழியில் ஆளுக்கொரு பழம்பொரி, நம் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கினார். மட்டாஞ்சேரிப் படகில் பாதி தூரம் போவதற்குள், தன்னுடையதை ஒரு கடி கடித்துவிட்டு, "இத நீ தின்னு. மருந்து தொடங்கினப்பறம் நான் திங்கறேன்" என்று என் கையில் வைத்தார். நான் தின்றேன்.

மதினிக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தில் சுமை இறக்க தூத்துக்குடியிலிருந்து வந்த மாமனார் சீக்கிரமே இறந்துபோக, தோப்பும்படியில் செம்மீன் என்கிற இறாலுக்குத் தோல் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்துத்தான் என் கணவரைப் படிக்க வைத்தார். விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். நாக்கு மட்டும் ஊறாது. சந்தில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வீடு கிடையாது. ஆனால் சாவுக்குத் தயாராக இருப்பதில் அவரைப்போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அதை அவர் ஒருக்கம் என்பார். எப்போது கூப்பிட்டாலும் எழுந்து போகிற மாதிரி ஆயத்தமாக இருப்பது என்று அர்த்தம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அச்சனிடம், அதாவது பங்குச் சாமியாரிடம், பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைத் தவறவிட மாட்டார். கழுவாத பாத்திரத்தைப் போட்டுவிட்டு வேலைக்குப் போக மாட்டார்: "நான் திரும்பி வரலேன்னா, துக்கம் கேக்க வர்றவளுக இதப் பாத்து என்ன சொல்லுவாளுக?" தனியார் பேருந்து வேகமெடுத்தால் எல்லோருக்கும் கேட்கிற குரலில், சாகுமுன் பாவங்களுக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கிவிடுவார். நடத்துநர் ஒருமுறை, "சேச்சிக்கு டிக்கெட் எங்க? தோப்பும்படிக்கா, சொர்க்கத்துக்கா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு கீறு. உன் டிரைவர் எத முதல்ல காட்டுதான்னு பாப்போம்" என்றார் மதினி. பேருந்தே சிரித்தது.

எனக்கு மட்டும் அது சிரிப்பாக இருந்ததில்லை. நான் இயல்பிலேயே பயந்தவள். மகள் பிறந்த பிறகு பயம் இரண்டு மடங்காயிற்று. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள் பேருந்தில் என் மடியிலிருந்து நிமிர்ந்து, "அம்மா, இன்னைக்கி நாம ஒருக்கமா?" என்று கேட்டாள். அத்தையிடமிருந்து கற்றுக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும், "பிள்ளை முன்னால இனிமே அந்தப் பேச்சு வேண்டாம் மதினி" என்று சொல்லிவிட்டேன். "நான் பேசலேன்னா அது வராதா பிள்ளே?" என்று கேட்டார். பேசினால் வரும் என்றுதான் உள்ளூர நம்பினேன். ஸ்கேன் சென்டரில் என் வாயிலிருந்து பொய் அவ்வளவு சுலபமாக வந்ததற்கு அந்த நம்பிக்கைதான் காரணம் என்று நினைக்கிறேன். என் கணவரும் ஒப்புக்கொண்டார். "அக்கா தாங்க மாட்டா" என்றார். தாங்க மாட்டாதவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

பொய்யைச் சொல்வதைவிடக் காப்பாற்றுவது பெரிய வேலை. ரிப்போர்ட்டை மகளின் பழைய பள்ளிப் பையில் ஒளித்தேன். மருந்துச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். உடல்நலம் இல்லாதவர்களுக்கு நற்கருணை கொடுக்க அச்சன் வீடு வீடாக வருகிற வெள்ளிக்கிழமையில், கோயிலுக்கு ஓடிப்போய், "மதினிக்கு வெறும் வயித்துப் புண்தான் அச்சா, அவங்களே பூசைக்கு வந்துருவாங்க" என்று சொல்லி எங்கள் வீட்டைத் தவிர்க்க வைத்தேன். பூசைக்குக் கிளம்பிய மதினியையும், மழையில் நனைந்தால் மருந்து பிடிக்காது என்று நிறுத்திவிட்டேன். அடுத்த மாதமும் அப்படியே. சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு அச்சன் வீட்டுப் படியேறினால் மதினிக்குப் புரிந்துவிடும் என்று பயம். இதற்கிடையில் மதினி திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மழைக்கால மீன்பிடித் தடை முடிந்து ஷெட் திறக்கும்போது வந்துவிடுவதாக மேற்பார்வையாளருக்குச் சொல்லி அனுப்பினார். மெலிந்துவிட்டதால் ஜாக்கெட்டுகளைப் பிரித்துச் சிறிதாக்கித் தைத்தார். பிறகு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போயிற்று. பிறகு நடக்க முடியாமல் போயிற்று. "இந்த மருந்துக்கு ஒரு பலனும் காணலியே" என்பார். வாழ்நாள் முழுவதும் சாவுக்கு ஆயத்தமாக இருந்த மனுஷி, அது வாசலில் வந்து நின்றபோது தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி வைத்தது நான்.

ஆறாவது வாரம், மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம், விளக்கு வைத்து ஜெபமாலை சொன்னோம். மதினி கட்டிலில் சாய்ந்தபடி முன்சொல்ல, நாங்கள் பின்சொன்னோம். ஆயத்தமில்லாத நேரத்தில் சாவு எங்களைப் பிடிக்காதபடி காப்பாற்றும் என்று ஒரு வேண்டுதலை அவர் என்றைக்கும் கடைசியில் சேர்ப்பார். அன்றும் சொன்னார். கணவர் முணுமுணுத்தார். மகள் சத்தமாகச் சொன்னாள். எனக்குக் குரல் வரவில்லை. மதினி ஜெபமாலையை நிறுத்தினார்.

"உனக்கென்ன, தொண்டைல முள்ளா?"

சொல்லிவிட்டேன். மகளை வெளியே அனுப்பக்கூடத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மதினி அமைதியாகக் கேட்டுக்கொள்வார், முன்பே தெரியும் என்பார் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாது. என்னை அவ்வளவு நம்பியிருந்தார்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"ஆறு வாரமா."

"ஆறு வாரம்!" அந்த உடம்பிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. "அப்ப எனக்கு ரெண்டு காலும் நடந்துச்சுடி. ரெண்டு முதல் வெள்ளியும் போச்சு. களவு போனா போலீஸ்ல சொல்லலாம், இத யாருகிட்டப் போய்ச் சொல்ல?" தம்பியைப் பார்த்து, "நீயும் சேந்துதானே?" என்றார். அவர் தலையைத் தூக்கவில்லை. அதன்பிறகு மதினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே கிடந்தபடி, "பயமா இருக்கு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என் மகள் போய் அவர் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மறுநாள் காலையில் அச்சன் வந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்டு, நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். என்னை அவர் கடிந்துகொள்வார் என்று காத்திருந்தேன். வாசலில் குடையை விரித்தபடி, "பேடிச்சுப் போயி, இல்லே?" என்று மட்டும் கேட்டார். பயந்துவிட்டாய், அல்லவா என்று. அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. உள்ளே போனால் மதினியின் முகத்தில் நான் எதிர்பார்த்த அமைதி இல்லை. "அச்சன்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. கேக்க வேண்டிய ஆளுகிட்ட கேக்கல" என்றார்.

கேட்க வேண்டிய ஆள் யார் என்று எங்களுக்குத் தெரியும். ஷெட்டில் பதினாறு வருடம் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த கூட்டுக்காரி அவர். பூர்வீகம் குளச்சல் பக்கம். பிறகு வைப்பின் தீவுக்குக் குடிபோனதால் நாங்கள் வைப்பின் அக்கா என்போம். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். வைப்பின் அக்காவின் கணவர் விசைப்படகில் வேலை செய்தவர், குடிக்கிறவர். ஒருநாள் படகிலிருந்து கரைக்குத் தாவும்போது கால் தவறி விழுந்து இறந்துபோனார். உடல் வீட்டில் கிடத்தியிருக்கிறது. பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மதினி போனவர், பெட்டியின் தலைமாட்டில் நின்று, "பாவம், ஒரு ஒருக்கமும் இல்லாம போயிட்டாரே" என்று வாய்விட்டுச் சொன்னார். இரக்கத்தில்தான் சொன்னார். ஆனால் ஒருக்கமில்லாமல் செத்தால் நரகம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வைப்பின் அக்கா எழுந்து வந்து, "என் புருசன் எங்க போறாருன்னு சொல்ல நீ யாருடி? மோட்ச வாசல் சாவிய நீயா வச்சிருக்கே? இறங்கு" என்று வெளியே தள்ளினார். ஏழு வருடமாகப் பேச்சில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று மதினி ஒவ்வொரு தவக்காலத்திலும் சொல்வார். போகமாட்டார். எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தவர், இந்த ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். தெரிந்திருந்தால் அந்த ஆறு வாரத்தில் நடந்தே போயிருப்பார்.

நான் போனேன். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வண்டிகளையும் ஏற்றிப்போகும் ஜங்கார் படகில் கடந்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வைப்பின் அக்கா வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே கூப்பிடவில்லை.

"அவதான் எப்பவும் ஒருக்கமா இருப்பாளே. நான் வந்து என்ன வேணும் அவளுக்கு?"

"அவங்க ஒருக்கமா இல்லக்கா. நான்தான் இருக்க விடல" என்று நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "குடிக்கிறியா, சாயா?" என்றார். குடித்துவிட்டுக் கிளம்பும்வரை வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. "மழைல பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கே. போ" என்றார்.

என் மகள் இப்போது வெளியூரில் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கிறாள். தினமும் போனில் பேசுகிறோம். சுகமா என்று கேட்கிறேன், சுகம் என்கிறாள். அதை நம்பாமல் குரலில் வேறெதையாவது தேடிக்கொண்டே இருக்கிறேன். பிரியம் எவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வராந்தாவில் அவளை நிறுத்தி, "அப்பாகிட்ட சொல்லிராதீங்க சிஸ்டர்" என்பார்களாம். "அவரு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்னு சொல்லிருவேம்மா" என்று ஒருமுறை சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அந்தச் சாயங்காலம் அறையிலிருந்து அவளை நான் அனுப்பாமல் விட்டது இருவர் நினைவிலும் இருக்கிறது. எனக்கு ஏதாவது வந்தால் அவள் என்னிடம் சொல்வாள். அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. இன்னும் பயமும் இருக்கிறது. மதினியின் விசுவாசம் எனக்கு இல்லை. அவர் நம்பியதை நானும் நம்புகிறேன், ஆனால் வேகமெடுத்த பேருந்தில் போல, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டுதான்.

நான் வைப்பினுக்குப் போய்வந்த பிறகு மூன்று நாள் காத்திருந்தோம். மதினி கஞ்சித்தண்ணீரையும் நிறுத்திவிட்டார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணைத் திறப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், ஷெட்டிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள், அச்சன் இன்னொரு முறை வந்தார். ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். என்னிடம் கோபம் தணிந்திருந்தது. உதட்டை நனைக்க நான் குனிந்தபோது என் கன்னத்தைத் தட்டி, "நீயும் என்ன செய்வே, பேடித்தொண்டி" என்றார். பயந்தாங்கொள்ளி என்று. அந்தச் செல்லத் திட்டு எனக்குப் போதும். அவருக்குத்தான் போதவில்லை.

நான்காம் நாள் காலை, பத்து மணி இருக்கும். சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்தில் தேங்கிய தண்ணீரில் வைப்பின் அக்கா நடந்து வந்தார். நேராகக் கட்டிலுக்குப் போய் ஓரத்தில் உட்கார்ந்து, மதினியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடி இது, தலை கிள்ளின செம்மீன் மாதிரி ஆயிட்டே."

மதினியின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "நான் அன்னைக்கி அங்க வச்சு..." என்று தொடங்கினார்.

"மிண்டாதே. மூச்ச வீணாக்காத. உன்கிட்ட எனக்கு ஒரு காரியம் ஆகணும்." வைப்பின் அக்கா அந்த வெளுத்த விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீதானே முன்னால போறே. போனதும் என் புருசனைத் தேடிப் பிடி. முன்வரிசைல தேடாத, பூசைக்கு நிக்கிற மாதிரி அங்கயும் பின்னால கதவோரமாத்தான் நிப்பாரு, வெக்கம். சின்னவளுக்குக் கல்யாணம் ஆயிட்டுன்னு சொல்லு. பையன் குடிக்க மாட்டான்னும் சொல்லு, கேட்டியா? அவருக்கு அதுதான் கவலையா இருக்கும்."