அணில் சுட்ட அதிகாரியும் அவர் தராசும்

மீசைக்கு எண்ணெய் பூசும் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி அவர். போர் வந்து லைசென்ஸ் துவக்குகள் இன்னும் பறிபோகாத காலம். தன் சாவகச்சேரி மாந்தோப்பில் அணில் சுட, தோட்டாவுக்குத் தானே வெடிமருந்து நிறைப்பார். நிறுப்பது லண்டனிலிருந்து வந்த, இலக்கம் காட்டும் தராசில். அதை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"உம்மடை தட்டுத் தராசைக் கிணத்துக்கை போடும்" என்றார், பொன் நிறுத்துப் பிழைக்கும் என்னிடம்.

மேலே மின்விசிறி சுழன்றது. அந்தக் காற்றில் இலக்கம் நில்லாமல் துள்ளியது.

"ஐயா, இதிலை எது சரி?"

"நான் நினைச்ச இலக்கம் வரேக்கை டக்கெண்டு எடுக்கிறதுதான்."

மருந்து கூடினால் துவக்கு முகத்திலேயே வெடிக்கும், விசிறியை நிறுத்துங்கள் என்றேன்.

"வேர்க்குமடாப்பா."

தோப்பில், அந்தத் தோட்டா போட்ட துவக்கை என் கையில் திணித்தார். "முதல் வெடியை நீர் வையும்" என்று சொல்லிவிட்டு, பருத்த மாமரமாகப் பார்த்து அதன் பின்னால் போய் நின்றார்.