உப்பா ஒயிலா

பிள்ளைகளே, கிணற்றைக் கொங்கிறீட் போட்டு ஏன் மூடினீர்கள் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் எரிந்து விழுந்தேன். இப்போது எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பக்கத்து வளவில் லொறி திருத்தும் கராஜ் இருக்கிறதல்லவா, அதன் முதலாளி பழைய எஞ்சின் ஒயிலை வருடக்கணக்காக வேலியோரக் குழியில் ஊற்றினார். எங்கள் கிணற்றில் மினுமினுவென்று படை மிதந்தது. மண்ணெண்ணெய் வாசம் வேறு. அந்தத் தண்ணீரைத்தான் நீங்கள் குடித்தீர்கள். போய்க் கேட்டேன்.

"அது வாவிச் சேத்து நாத்தம் அண்ணன். கரையில வளவை வாங்கிப்போட்டுப் பன்னீரா கேக்கிறீங்க?" என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

நிலத்தடியை ஆராயும் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், ஒரு பெண், கரையோரக் கிணறுகளைப் பார்த்துவருவதாக அறிந்து கூட்டிவந்தேன். வேலியிலிருந்து எங்கள் வளவு முடியும் உப்பு வாவிவரை இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, மின்சாரம் விட்டு அளந்தார். காய்ந்த மணலில் மின்சாரம் ஏறாதென்று கம்பியடியில் உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். உங்கள் அம்மாவின் மிளகாய்க் கன்றுகள் கருகிப்போயின. அதையும் பொறுத்தேன்.

"கிணத்தடியில மின்சாரம் லேசாப் போகுது, தடையே இல்ல" என்றார் ஆய்வாளர்.

கராஜ்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "கேட்டீங்களா? ஒயிலுக்குள்ளால கரண்ட் போகாது. வாவி உப்புத்தான் உங்கட கிணத்துக்க வருது."

புது ஒயிலுக்குத்தான் அது சரி என்றார் ஆய்வாளர். நாள்பட்ட ஒயிலை மண்ணிலுள்ள பக்டீரியாக்கள் தின்னும். அப்போது உண்டாகும் அமிலம் மண்ணைக் கரைக்கும். கரைந்தது நீரில் கலந்ததும் மின்சாரம் லேசாக ஓடும். எனக்கு விளங்கினது இவ்வளவுதான்.

"உப்பா ஒயிலா எண்டு இப்ப பிரிக்க ஏலாது. மாரி வெள்ளத்தில வாவி நல்ல தண்ணியாகும். முகத்துவாரத்து மணல் திட்டை வெட்ட முந்தி வாறன். வெட்டினா மறுகா கடல் உள்ள வந்திரும். அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு இதைக் குடுக்காதீங்க."

உப்பென்றால் மாரியில் கிணறு மீளும். ஒயிலென்றால் முடிந்தது. உங்கள் அம்மா தேவாலயக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். கராஜ்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வந்தது. வட்டை வயலெல்லாம் மூழ்கி, முகத்துவாரத்தை வெட்டு என்று விவசாயிகள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த கிழமை, சொன்னபடி ஆய்வாளர் வந்தார். வேலியோரம் முழுக்கப் பழுதான லொறிகளை நிறுத்தி, அந்தப் பக்கம் கம்பி அடிக்க விடவில்லை அந்த மனிதர். எங்கள் பக்கத்தில் மட்டும் அளந்தார்கள். வாவியோரத்தில் மின்சாரம் தயங்கியது. உப்பு போய்விட்டது. கிணற்றடியில் மட்டும் முன்போலவே லேசாக ஓடியது.

"ஒயில்தான் அண்ணன். பக்டீரியா தின்னுது."

"எப்ப தின்டு முடிக்கும்?"

"சொல்ல ஏலாது. உங்கட பிள்ளைகள் வளந்திருவாங்க."

லொறியில் சாய்ந்தபடி கராஜ்காரர் சொன்னார்: "அப்ப நான் ஊத்தினதை அதுகள் சும்மா துப்பரவாக்குதுகள். கூலியும் இல்ல. பிறகென்ன?"

'நான் ஊத்தினதை.' அவர் வாயாலேயே வந்தது. நான் ஒரு வாளி அள்ளி வேலிக்கு மேலால் நீட்டினேன்.

"குடியுங்க."

வாளியைப் பார்த்தார். தன் ஆட்களைப் பார்த்தார். "எனக்குப் பைப் தண்ணி இருக்கு" என்று சொல்லி உள்ளே போனார்.

அந்தக் கிழமையே கிணற்றை மூடினேன். அவர் மகளின் கலியாணத்துக்கு நாங்கள் போகாததும் இதனால்தான். நீங்களும் அவர் வளவின் வாசல் படலையைத் திறக்கக் கூடாது.