இரண்டாம் ட்ரம்பெட்டின் தாள்

1. மாட்டிக்கொண்ட நாள்

என் பக்கத்தில் ட்ரம்பெட் வாசித்த தேசப்பனை எங்கள் மெல்லிசைக் குழுவிலிருந்து நிறுத்திய மறுவாரமே என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது. பொன்னேரியில் கோயில் திருவிழாக் கச்சேரி. குழுவை நடத்தும் மாஸ்டர், தான் புதிதாகப் போட்ட தொடக்க இசையை ஒத்திகை பார்க்காமலே, மேடையில் இசைக்குறிப்பு எழுதிய நொட்டேஷன் தாளைக் கொடுத்துவிட்டார். ட்ரம்பெட் பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, சும்மா இருந்துவிட்டு நுழைய வேண்டும். நான் ஆறாவது பாரிலேயே ஊதிவிட்டேன்.

"தாள்ல இன்னா போட்டுக்குது, நீ இன்னா ஊதற?" என்று மைக்கில் கேட்கும்படியே கத்தினார்.

எனக்குத் தாள் படிக்கத் தெரியாது. எட்டு வருஷம் வாசித்தும் அது தேசப்பனைத் தவிர யாருக்கும் தெரியாது.

நான் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்துக்காரன். பழைய ட்ரம்பெட் ஒன்றை வாங்கி, ஏரிக்கரையில் நின்று போனில் பாட்டுக் கேட்டுக் கேட்டே கற்றவன். ஒருமுறை கேட்டால் ஊதிவிடுவேன் என்ற திமிரும் உண்டு. தேசப்பனும் அதே குப்பம், என் வயது. சென்னை ஹாஸ்டலில் படித்தபோது பள்ளி பேண்டில் நோட்ஸ் கற்றவன். எங்களுக்கு ஒரே ஸ்டாண்ட். அதில் அவனுக்கு '1' போட்ட தாள், எனக்கு '2' போட்ட தாள். நான் ஊதும் பாட்டு என் தாளில், பாட்டுக்கு அடியில் துணையாக அவன் ஊதும் கீழ் வரி அவன் தாளில் என்றுதான் நினைத்திருந்தேன். நுழைய வேண்டிய இடத்தில் அவன் முழங்காலால் என் முழங்காலைத் தட்டுவான்.

செலவைக் குறைக்க ஒரு ட்ரம்பெட் போதும் என்று மாஸ்டர் முடிவு செய்தார். "கீழ் வரிய கீபோர்டுல போட்டுக்கலாம். பாட்ட ஊதறவன் இருந்தா போதும்" என்றார். பாட்டை ஊதியது நான். தேசப்பன் பேசாமல் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்து மூடினான். நானும் பேசவில்லை. என் பிழைப்பு தப்பியதே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

2. படித்த பிறகு

பாட்டை ஊதக் கையில் வேறு ஆள் இல்லாததால் மாஸ்டர் திட்டியதோடு விட்டார். மானம் போனபின் பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்றரை வருஷம் ஆனது. தெரிந்த பாட்டு என்றால் கண் தாளில் இருக்கும், விரல் ஞாபகத்தில் ஓடும். அதை அடக்குவதுதான் பெரும்பாடு.

ஓரளவு படிக்க வந்ததும், பழைய '2' தாள்களை எடுத்து ஒவ்வொரு நோட்டாக ஊதினேன். பாட்டு வரவில்லை. தப்பாகப் படிக்கிறேன் என்று திரும்பத் திரும்ப ஊதினேன். பிறகு '1' போட்ட தாளை எடுத்தேன். பாட்டு அதில் இருந்தது.

காதால் பிடிக்கிறவன் பாட்டைத்தானே பிடிப்பான்? அவனுக்கு எழுதியதை நான் ஊதியிருக்கிறேன். எனக்கு எழுதிய கீழ் வரியை அவன் வாசித்து என்னைக் காப்பாற்றியிருக்கிறான். எங்கள் ஏரியில் பாடு முறை உண்டு. இன்று யாருடைய முறையோ, அவர்தான் அந்த இடத்தில் வலை போடலாம். எட்டு வருஷம் அவன் முறையில் நான் வலை போட்டிருக்கிறேன்.

3. கரையில்

தேசப்பன் இப்போது இறால் பிடிக்கிறான். படகில் வலையை உதறிக்கொண்டிருந்தவனிடம் இரண்டு தாள்களையும் காட்டினேன்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிருந்தா அப்பவே உன்ன அனுப்பிருப்பாரு மச்சான்."

"உன்ன நிறுத்தனப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

"நீ சொல்லுவனு பாத்தேன்" என்றான்.

எனக்குப் படிக்கத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அன்று மாஸ்டரிடம் அதைச் சொல்ல எனக்கு எந்த நொட்டேஷனும் தேவைப்பட்டிருக்காது.

என் ட்ரம்பெட்டை நீட்டினேன். தன்னுடையதை எப்போதோ விற்றுவிட்டானாம். கையை லுங்கியில் துடைத்து வாங்கி, '1' தாளைப் பார்த்து ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றான். உப்புக் காற்றில் வெடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது.

"ஊதாம விட்டு உதடு போச்சு மச்சான்" என்று திருப்பிக் கொடுத்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, தாள் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவரை, தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. இப்போது பதினாறு பாரையும் தப்பாமல் எண்ணி, '1' தாளைப் பார்த்தே வாசிக்கிறேன். கீழ் வரியை கீபோர்டு வாசிக்கிறது.